கம்பெனி கேட்டுக்குள்ளேயே தொடங்கும் விபத்து

(கும்மிடிப்பூண்டியில் சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டி நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முன்வரிசையில் தொழிற்சாலை நிர்வாகிகளும் டிரான்ஸ்போர்ட் உரிமையாளர்களும் அமர்ந்திருக்கிறீர்கள். பின்வரிசையில் லாரியும் ட்ரெய்லரும் ஓட்டுகிற தம்பிகள்; ஷிப்ட் முடித்து முகம்கூடக் கழுவாமல் வந்திருக்கும் தொழிலாளர்கள். சாலைப் பாதுகாப்புக் கூட்டம் என்றால் முன்வரிசைக்குச் சால்வை, பின்வரிசைக்கு அறிவுரை என்பதுதான் வழக்கம். இன்றைக்கு அறிவுரையை இரண்டு வரிசைக்கும் பங்கு போட்டுத் தரலாம் என்று வந்திருக்கிறேன். முன்வரிசைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.

விபத்து நடந்தால் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை எழுதுகிறார்கள். எந்த ஊரில் எழுதினாலும் அதில் ஒரு தொடர் தவறாமல் வரும்: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து...’ அதோடு காரணம் கண்டுபிடித்தாயிற்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் நூற்றுக்கு 71 பேரின் சாவுக்குக் காரணம் அதிவேகம் என்று அதில் பதிவாகியிருக்கிறது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். இறப்பு 17,884, உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். மறு ஆண்டு அது 18,347 ஆகக் கூடியது.

அதிவேகம் பொய்யான காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று எந்தக் கோப்பும் கேட்பதில்லை. டிரைவர் கடைசியாகத் தூங்கியது எப்போது? லோடு ஏற்ற எத்தனை மணி நேரம் கேட்டில் நின்றான்? எத்தனை மணிக்குள் துறைமுகம் போய்ச் சேரச் சொன்னார்கள்? ட்ரிப்புக்கு இவ்வளவு பேட்டா என்றால், மாதத்துக்கு எத்தனை ட்ரிப் அடித்தால் வீட்டு வாடகை கட்ட முடியும்? இவற்றுக்கான விடைகள் காவல் நிலையத்தில் கிடைக்காது. முன்வரிசையில் இருப்பவர்களின் டிஸ்பாட்ச் ரிஜிஸ்டரில் கிடைக்கும்.

நம் சாலையைப் பாருங்கள். பெரியவர்களுக்கு அது ஜி.என்.டி. ரோடு. பிறகு தேசிய நெடுஞ்சாலை 5 ஆனது, இப்போது 16. செங்குன்றம், காரனோடை, ஜனப்பன்சத்திரம், தச்சூர், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் என்று போய் ஆந்திராவைத் தொட்டு, கொல்கத்தா வரைக்கும் நீளுகிறது. இதில் எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களின் கன்டெய்னர் ஓடுகிறது. சிப்காட் உருக்காலைகளின் கம்பி லோடு ஓடுகிறது. சவுடு மண் டிப்பர் ஓடுகிறது. இவற்றுக்கு நடுவில், பக்கத்து ஊருக்குப் பால் ஊற்றப் போகிறவரின் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லும் ஓடுகிறது. ஷிப்ட் விட்டதும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் சைக்கிளிலும் கால்நடையாகவும் அதே சாலையின் ஓரத்தில் அறைக்குப் போகிறார்கள்.

செத்துப்போவது யார் என்று பாருங்கள். 2022-இல் நாட்டில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். இன்னும் 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். இருவரையும் கூட்டினால் பத்தில் ஆறைத் தாண்டுகிறது. தேசிய நெடுஞ்சாலைகள் நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் மிகச் சிறிய பங்கு. ஆனால் மூன்றில் ஒரு சாவுக்கு மேல் அவற்றில்தான் நடக்கிறது. இன்னும் இரண்டு தகவல். விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு நேரான சாலையில் நடந்தவை. ஏறத்தாழ நான்கில் மூன்று, மழையோ மூடுபனியோ இல்லாத தெளிந்த வானிலையில் நடந்தவை. ‘பயங்கர வளைவு சார்’, ‘மழையில் வழுக்கிடுச்சு சார்’ என்று நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானங்கள் பெரும்பாலும் கணக்கில் நிற்பதில்லை. நல்ல ரோடு, நல்ல வெளிச்சம், கால் தானாக ஆக்சிலேட்டரை அமுக்குகிறது. ஆள் சாகிறான்.

வேகத்தை மீட்டரில் பார்க்காதீர்கள், மீட்டர் தூரத்தில் பாருங்கள். நான்கு வழித் தேசிய நெடுஞ்சாலையில் சரக்கு வண்டிக்கு மத்திய அரசு 2018-இல் வகுத்த உச்ச வேகம் 80. எண்பதில் போகிற வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடும். எதிரே ஏதோ தெரிகிறது. மூளை புரிந்துகொண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி. வண்டி அதற்குள் 33 மீட்டர் போய்விட்டது. பிரேக் இன்னும் பிடிக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பிடித்த பிறகு, லோடு வண்டி நிற்க நல்ல ரோட்டில், நல்ல டயரோடு, மேலும் சுமார் 50 மீட்டர். மொத்தம் 80 மீட்டரைத் தாண்டும். இது சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில். வேகம் இரண்டு பங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு பங்காகும். இந்தக் கணக்கை எந்த டிரைவருடைய அனுபவமும் மாற்ற முடியாது.

இப்போது சாலையைக் கடக்கிற ஆளின் பக்கம் வாருங்கள். ஒரு தடம் மூன்றரை மீட்டர் அகலம். மூன்று தடத்தைக் கடக்கப் பத்தரை மீட்டர். சாதாரண நடைக்கு ஒன்பது வினாடி. அந்த ஒன்பது வினாடியில் எண்பதில் வரும் லாரி 200 மீட்டர் வந்துவிடும். இரவில் 200 மீட்டர் தள்ளித் தெரியும் விளக்கைப் பார்த்து, ‘தூரத்தில்தானே வருகிறது’ என்று அடி எடுத்து வைப்பவர் தப்புக் கணக்குப் போட்டார் என்று சொல்வது சுலபம். இரண்டு விளக்குப் புள்ளிகளை வைத்து வேகத்தைச் சரியாகச் சொல்ல யாராலும் முடியாது. அதற்காகத்தான் நடைமேம்பாலமும் சுரங்கப்பாதையும் வேண்டும் என்று கேட்கிறோம். ஏறி இறங்க முட்டி வலிக்கும் உயரத்தில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கோ தள்ளிக் கட்டிவிட்டு, ‘மக்கள் பயன்படுத்துவதில்லை’ என்று குறை சொல்வது வேறு ஒரு கலை.

அடுத்து, நின்றுகொண்டிருக்கும் லாரி. ஓடும் லாரியை விட எனக்கு இதன் மேல்தான் பயம் அதிகம். லோ பீமில் ஹெட்லைட் தெளிவாகக் காட்டுவது 40, 50 மீட்டர். நிற்க 80 மீட்டர் வேண்டும் என்று சற்று முன் பார்த்தோம். ஆகவே ரோட்டோரத்தில் பார்க்கிங் லைட் போடாமல், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் சேறு மூடிக் கிடக்கும் ட்ரெய்லர் நின்றால், பின்னால் வருபவர் அதைப் பார்க்கும்போதே நேரம் கடந்துவிட்டது. பின்னால் மோதுவதுதான் நம் நாட்டில் அதிகம் பதிவாகும் விபத்து வகை. ஐந்தில் ஒன்றுக்கு மேல். பைக் மோதினால் ஓட்டியவரின் தலையும் நெஞ்சும் லாரிப் படுகையின் உயரத்துக்கு நேராக இருக்கும். கம்பி லோடு என்றால் அதைவிட மோசம். படுகைக்கு வெளியே கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்புத் துணி கட்டிவிட்டால் போதும் என்று பலர் இன்னமும் நினைக்கிறார்கள். நீட்டிக்கொண்டு போவதையே 2014-இல் மத்திய அரசு தடை செய்துவிட்டது. துணி கட்டினாலும் குற்றம்தான்.

லாரி ஏன் ரோட்டில் நிற்கிறது? நிற்க வேறு இடம் இல்லை, அதனால் நிற்கிறது. ஒரு நாளைக் கற்பனை செய்து பாருங்கள். காலை பத்து மணிக்கு வண்டி உங்கள் கேட்டுக்கு வருகிறது. உள்ளே விடமாட்டார்கள். எடைமேடையில் க்யூ, பில் போடுகிறவர் சாப்பிடப் போயிருக்கிறார், கிரேன் வேறு லோடில் இருக்கிறது. டிரைவர் கேபினில் உட்கார்ந்திருக்கிறான். சித்திரை வெயில். குடிக்கத் தண்ணீர் டீக்கடையில், மற்றதற்கு முள்வேலி மறைவு. இரவு எட்டு மணிக்கு லோடு ஏறுகிறது. ‘பத்து மணி நேரம் ரெஸ்ட்தானே எடுத்தாய், விடியறதுக்குள் போய்ச் சேர்’ என்கிறார் சூப்பர்வைசர். ஸ்டியரிங் பிடிக்காத நேரம் எல்லாம் ஓய்வு என்று அவர் கணக்கு.

தூக்கமின்மையைப் பற்றி 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு உலகப் புகழ் பெற்றது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைகால் நிதானம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் நிதானத்துக்குச் சமம். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்தவன் இரவு பத்துக்கு வண்டி எடுத்தால், குடிக்காமலே அந்த எல்லையைத் தாண்டியவன். ஊதிப் பார்க்கும் கருவியில் தூக்கம் தெரியாது. எண்பதில் போகும்போது நான்கு வினாடி கண் சொக்கினால், 90 மீட்டர் வண்டி டிரைவர் இல்லாமல் ஓடியிருக்கிறது.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணி நேர ஓய்வு கட்டாயம் என்றும் சொன்னது. அறுபது வருடத்துக்கு முன்பே வந்த சட்டம். பின்வரிசைத் தம்பிகள் சிரிக்கிறீர்கள். சிரிப்பின் பொருள் எனக்குப் புரிகிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று வந்திருப்பது நல்ல செய்தி. ஆனால் இன்று ரோட்டில் ஓடும் பழைய வண்டிகளுக்கு அது பொருந்தாது.

டயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகப் பெயர் பெற்ற மிச்செலின் நிறுவனத்தின் டயர் ஆலை நம் மாவட்டத்தில், தேர்வாய் கண்டிகையில் இருக்கிறது. அந்த ஊரைத் தாண்டிப் போகும் டிப்பர்களில் எத்தனை மொட்டை டயரில் ஓடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். லாரிக்கும் காருக்கும் டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது விதி.

பின்வரிசைக்கு வருகிறேன். உங்களை விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள்.

ராங் சைடு. கம்பெனி எதிரிலேயே இருக்கிறது, யூ-டர்ன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் போனால் ஐந்து நிமிடம் மிச்சம். சாலை போட்டவர்கள் உள்ளூர்க்காரனை நினைக்காமல்தான் போட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிரே இடப்பக்கம் திரும்பி வரும் ட்ரெய்லர் டிரைவர் வலப்பக்கம் பார்த்துத்தான் திரும்புவார். உங்கள் பக்கம் அவர் தலை திரும்பாது. நீங்கள் ஹார்ன் அடித்தாலும் அந்தக் கேபினுக்குள் கேட்காது. லாரிக்கு இடது முன் மூலையில் பார்வை படாத இடம் ஒன்று உண்டு. சந்தில் புகுந்து ஓவர்டேக் எடுக்கும் பைக்குகள் போய் நிற்பது சரியாக அங்கேதான்.

ஹெல்மெட். 2015 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன் உத்தரவிட்டு, ஜூலை 1 முதல் தமிழ்நாடெங்கும் கட்டாயம் ஆனது. ஊரே முணுமுணுத்தது. வெயில், வியர்வை, முடி கொட்டும் என்று ஆயிரம் காரணம். 2022-இல் ஹெல்மெட் போடாமல் நாட்டில் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். மனைவி, தங்கை, லிஃப்ட் கேட்டு ஏறியவர். நம் ஊரில் ஹெல்மெட் எங்கே இருக்கிறது? பெட்ரோல் டேங்க் மேல், முழங்கையில், கண்ணாடியில். செக்போஸ்ட் தெரிந்ததும் தலைக்கு ஏறுகிறது, தாண்டியதும் இறங்குகிறது. தலையில் இருந்தாலும் பட்டை லாக் போடாமல் தொங்குகிறது. லாக் போடாத ஹெல்மெட், விழும்போது தலை தரையைத் தொடும் முன்பே தனியாகக் கழன்று போய்விடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதையே 2021 ஜூன் முதல் தடை செய்திருக்கிறார்கள். ரோட்டோரத்தில் மலிவாகக் கிடைப்பது போலீஸுக்குப் பயந்து போடும் தொப்பி. தலைக்கு அதனால் பயனில்லை.

குடியைப் பற்றிப் பேசாமல் போனால் தப்பாகும். நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை எதிர்த்து வழக்கறிஞர் கே. பாலு நம் உயர்நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 டிசம்பர் 15-ஆம் தேதி நாடு முழுவதற்குமான தீர்ப்பாக வந்தது: தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு என்பதில் நமக்குப் பெருமை. சிற்றூர்களுக்கு 220 மீட்டர், நகர எல்லைக்குள் விலக்கு என்று அது பிறகு தளர்ந்தது. அதில் நமக்குப் பெருமைப்பட எதுவும் இல்லை.

இதெல்லாம் கேட்டு, ‘எதுவும் மாறாது சார்’ என்று சிலர் பெருமூச்சு விடுவது தெரிகிறது. மாறும். மாறியிருக்கிறது. அரசின் கணக்குப்படியே 2016-இல் தமிழ்நாட்டில் 17,218 பேர் சாலையில் இறந்தார்கள். 2019-இல் அது 10,525 ஆனது. மூன்று ஆண்டில் ஐந்தில் இரண்டு பங்கு குறைவு. மற்ற மாநிலங்கள் நம்மைப் பார்த்துப் பாடம் படித்த காலம் அது. 108 ஆம்புலன்ஸை விபத்து அடிக்கடி நடக்கும் இடங்களின் அருகிலேயே நிறுத்தினார்கள். அதிவேகம், குடி, செல்போன், சிக்னல் மீறல், அதிக பாரம் ஆகியவற்றுக்கு லைசென்ஸை முடக்கினார்கள். ஹெல்மெட் சோதனை தொடர்ந்து நடந்தது. பிறகு கொரோனா வந்தது, போனது, கண்காணிப்பு தளர்ந்தது. 2022-இல் 2016-ஐயும் தாண்டிவிட்டோம். குறைக்கத் தெரிந்த மாநிலம் இது. குறைத்ததைக் காப்பாற்றத்தான் தெரியவில்லை.

விளைவை நம் மாவட்டத்திலேயே பார்த்தோம். 2024 ஆகஸ்ட் 11 அன்று சென்னை–திருப்பதி சாலையில், திருத்தணிக்குப் பக்கத்தில் ராமஞ்சேரியில் காரும் லாரியும் மோதிப் பொறியியல் மாணவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். 2025 மார்ச் 7 அன்று அதே திருத்தணிப் பக்கம் கே.ஜி. கண்டிகையில் அரசுப் பேருந்தும் டிப்பரும் மோதின. அதிலும் உயிர்கள் போயின. இரண்டும் செய்தித்தாளில் வந்தன. ஷிப்ட் முடித்துப் போன ஒற்றைச் சைக்கிள்காரரின் சாவு மூன்று வரியில் முடியும், அல்லது வரவே வராது.

முன்வரிசைக்கு மறுபடி. உங்கள் ஆலைகளுக்குள் நான் வந்திருக்கிறேன். உள்ளே ஒழுங்கு அபாரம். நடக்க மஞ்சள் கோடு, வேகம் 10 என்று போர்டு, தலைக்கு ஹெல்மெட், காலுக்கு பூட்ஸ். போடாதவனை உள்ளே விடமாட்டீர்கள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை: ‘விபத்தின்றி இத்தனை நாட்கள்’. தினமும் எண்ணை மாற்றி எழுதுகிறீர்கள். நைட் ஷிப்ட் முடித்து வெளியே போன தொழிலாளி கேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் லாரியில் அடிபட்டு இறந்தால், மறுநாள் அந்தப் பலகையில் எண் ஒன்று கூடுகிறது. சட்டம் உங்கள் பலகையை விட முன்னால் போய்விட்டது. இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-இல் சேர்த்த 51-இ பிரிவே, வேலைக்கு வரும்போதும் போகும்போதும் நேரும் விபத்தை, வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், பணியில் நேர்ந்த விபத்தாகக் கொண்டது. சட்டத்தின் கண்ணில் ஜி.என்.டி. ரோடும் உங்கள் ஆலையின் ஒரு பகுதிதான்.

ஆகையால் கேட்கிறேன். கேட்டுக்கு உள்ளே, லோடுக்குக் காத்திருக்கும் வண்டிகளுக்கு இடம் கொடுங்கள். டிரைவர்களுக்கு ஒரு மின்விசிறி, நாலு கட்டில், கழிப்பறை உள்ள அறை கொடுங்கள். ஒரு ட்ரெய்லர் கம்பியின் விலைக்கு மேல் ஆகாது. லோடு ஏற்றும் முன் லைட்டையும் டயரையும் ரிஃப்ளெக்டரையும் பார்க்கும் செக்யூரிட்டி, டிரைவர் எத்தனை மணி நேரம் தூங்கினான் என்றும் கேட்கட்டும். தூங்காதவன் கையில் கேட் பாஸ் கொடுக்க வேண்டாம். பக்கத்துப் பக்கத்து ஆலைகள் ஷிப்ட் விடும் நேரத்தை அரை மணி மாற்றி வையுங்கள். மாலை ஆறிலிருந்து ஒன்பது வரைதான் நாட்டின் விபத்துகளில் ஐந்தில் ஒன்று நடக்கிறது. சைக்கிளில் போகும் பையன்களுக்கு ஒளிரும் மேல்சட்டை வாங்கித் தாருங்கள். கொடுக்கும்போது அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒரு வார்த்தை சொல்லித் தாருங்கள்.

கடைசியாக, எல்லோருக்கும். அடிபட்டவரைத் தொட்டால் கேஸில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, உதவுபவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ கிடையாது என்கிறது. பெயர், முகவரி சொல்லும்படி போலீஸோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்த முடியாது. பணம் யார் கட்டுவது என்ற கவலையும் வேண்டாம். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்ட எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை கேட்கமாட்டார்கள். எந்த மாநிலத்தவர் என்று கேட்கமாட்டார்கள். பீகார் பையனுக்கும் உண்டு, ஒடிசா பையனுக்கும் உண்டு.

எனவே வழியில் யாராவது விழுந்து கிடந்தால் போன் எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். அதே போனில் 108-ஐ அழுத்துங்கள். இடம் சொல்லும்போது ‘ஹைவேயில்’ என்று மட்டும் சொல்லாமல் அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், சென்னை போகும் பக்கமா ஆந்திரா போகும் பக்கமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை, பின்னால் வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி உங்கள் வண்டியின் இண்டிகேட்டர் எரியட்டும். உங்கள் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். ஆம்புலன்ஸ் வரும் வரை மட்டும் நில்லுங்கள்.